கை மட்டும்

சூடாமணி ஆறுதல் சொல்லத்தான் நினைத்தாள்.

தமிழ்நாட்டு வரலாற்றுத் தேர்வு முடிந்த சாயங்காலம் உம்மே ஹானி போன் செய்தாள். குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"ஆன்ட்டி, போச்சு. வேலூர்ப் புரட்சிக்கு ஆயிரத்து எண்ணூத்தி எட்டுன்னு சொல்லிட்டேன். இப்பதான் ஞாபகம் வருது. ஆறு ஆன்ட்டி, எட்டு இல்ல. அந்த வருஷத்துல ஆரம்பிச்சுதான் முழு ஆன்சரும் சொன்னேன்."

"அழாதே. பேப்பர்ல ஆறுன்னுதான் இருக்கு."

"இல்ல ஆன்ட்டி, நான் எட்டுன்னுதான் சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"நீ எட்டுன்னு சொன்னே. நான் ஆறுன்னு எழுதினேன். கவலைப்படாம போய்ச் சாப்பிடு."

நன்றி வரும் என்று சூடாமணி காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. ஹானியின் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஆட்டோக்களின் ஹாரன் மட்டும் போனில் கேட்டது.

"மாத்திட்டீங்களா?" என்றாள் ஹானி.

"ஒரு நம்பர்தானேம்மா."

"வேற எங்கெல்லாம் மாத்தினீங்க?"

சூடாமணி யோசித்தாள். யோசிக்க எடுத்துக்கொண்ட நேரமே பதிலாகிவிட்டது.

"மூணு வருஷமா எல்லாப் பேப்பரும் நீங்கதான் எழுதறீங்க. நான் வாங்கின மார்க்கெல்லாம் அப்ப யாருது ஆன்ட்டி?"

போன் அணைந்தது.

யாருது. அந்தக் கேள்வியைச் சூடாமணி வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறாள். மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். நோட்டை மேசையில் போட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இது யார் போட்ட கணக்கு? நீயா, பக்கத்துல இருக்கறவளா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் உண்மையைச் சொல்லிவிடும்.

ஓய்வு பெற்றபின் ஒரு வருடம் அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அந்தச் சமயத்தில் பழைய தோழி ஒருத்தி, பார்வையற்ற மாணவி ஒருத்திக்குப் பரீட்சை எழுத ஆள் வேண்டும் என்று கேட்டாள். மாணவி சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அந்தப் பாடத்தைப் படித்தவராக இருக்கக் கூடாது. வரலாற்றுக்குக் கணக்கு டீச்சர் பொருத்தம். நந்தனத்தில் இருந்த கல்லூரிக்குப் போய் மூன்று மணி நேரம் இன்னொருத்தியின் கையாக இருந்துவிட்டு வந்த அன்று, சூடாமணிக்குப் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. மறுநாள் அவளே எழுந்து காபி போட்டாள். அதன் பிறகு ஹானியின் ஒரு தேர்வையும் அவள் தவறவிட்டதில்லை. தேர்வு நாட்களைச் சுற்றித்தான் மற்ற நாட்கள் நின்றன.

அவள் கணவர் சங்கரனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"ஏன்டி, கல்யாணப் பத்திரிகையையே சிவப்புப் பேனாவால சுழிச்சுத் திருப்பிக் கொடுத்தவ நீ. பரீட்சைப் பேப்பரை விட்டுடுவியா?"

"அது எழுத்துப் பிழை."

"அது மாப்பிள்ளையோட பேருடி. அவா அப்படித்தான் வெச்சிருக்கா."

"விளையாடாதேங்கோ. நல்லதுன்னு நெனச்சுத்தானே பண்ணினேன்? கொழந்தைக்கு மார்க் போயிடுமேன்னு."

"அவ கேட்டது கை. நீ கையோட சேர்த்துத் தலையையும் எடுத்துண்டு போயிட்டே."

சூடாமணிக்குக் கோபம் வந்தது. எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் எதுவும் இல்லாத தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

மறுநாள் காலையில் ஹானியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "ஆன்ட்டி, வெள்ளிக்கிழமை உலக வரலாறு. அதான் கடைசிப் பேப்பர். அதுக்குப் பக்கத்து வீட்டு ஜுவேரியாவைக் கேட்டிருக்கேன். நீங்க வர வேணாம். கோபமா சொல்லல." குரலில் கோபம் இல்லைதான். கோபம் இருந்திருந்தால் தேவலை என்று சூடாமணிக்குத் தோன்றியது.

அவள் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். அடையாறில் பஸ் ஏறி லஸ்ஸில் இறங்கினாள். மெட்ரோவுக்காக அடைத்த தகரத் தடுப்புகளை ஒட்டி, ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிந்தது. கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், இரண்டாவது மாடியில் ஹானியின் வீடு.

ஹானியின் அம்மா ஜமீலுன்னிசா வாசலிலேயே உட்கார்ந்து ஒரு பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்ததும் ஊசியைப் புடவையிலேயே குத்தி வைத்தாள்.

"இன்னா டீச்சரம்மா, வெயில்ல நின்னுகினு கீறீங்க? உள்ள வாங்க. உங்க பொண்ணு நேத்துலேர்ந்து சாப்டல. நீங்களே கேளுங்க. நல்லதுதானேடி பண்ணாங்கன்னு சொன்னா, என்னியக் கடிக்க வர்றா."

"நல்லது இல்ல ஜமீலா. நான் பண்ணினது தப்பு."

"நீங்களும் இப்டி சொன்னா நான் இன்னா பண்றது?" ஜமீலுன்னிசா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏய் ஹானி, டீச்சரம்மா வந்துகீறாங்க!"

ஹானி கட்டிலில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்த போன் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் புரியாத வேகம் அது. அவள் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாதவள். பாடம் முழுவதும் காது வழியாகத்தான். போனை நிறுத்தினாள். முகம் சூடாமணியின் பக்கம் திரும்பவில்லை.

"உக்காருங்க ஆன்ட்டி."

சூடாமணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ஞாபகம் இருக்கறதைச் சொல்றேன்" என்றாள். "வேலூர். அப்புறம், போன வருஷம் ஜாலியன்வாலாபாக் லாகூர்ல இருக்குன்னு சொன்னே. அமிர்தசரஸ்னு எழுதினேன்."

"லாகூர்னா சொன்னேன்? சே. அப்புறம்?"

"அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு. அப்புறம்… நீ 'அதனால', 'அதனால'ன்னு நிறைய சொல்லுவே. அதுல சிலதை எடுத்துடுவேன்."

ஹானி சட்டென்று திரும்பினாள். "என் அதனாலவையா?"

"வாக்கியம் நன்னா இருக்கட்டுமேன்னு."

"ஆன்ட்டி, அமிர்தசரஸ்கூடப் பரவால்ல. அதனால சொல்றப்பதான் நான் அடுத்தது இன்னான்னு யோசிப்பேன். அது என் மூச்சு. அதைப் போய் எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

அடுப்படியிலிருந்து ஜமீலுன்னிசா சிரித்துவிட்டாள். "அம்மீ, சிரிக்காத" என்று ஹானி அதட்டினாள். பிறகு சூடாமணியிடம் மெல்லக் கேட்டாள். "ஞாபகம் இல்லாதது எவ்வளோ இருக்கும்?"

"தெரியலை ஹானி. இல்லேன்னு சொன்னாப் பொய்யாயிடும்."

"மொத வருஷம், அரசியல் சாசனப் பேப்பர். கிளாஸ்லயே நான்தான் ஃபர்ஸ்ட். கண்ணு தெரியறவங்க எல்லாரையும் விட. எங்க அத்தா தெரு முழுக்க பாதுஷா வாங்கிக் குடுத்தாரு. நேத்துலேர்ந்து அதையேதான் நெனச்சுகினு கீறேன். அது யாரு வாங்கினது?"

சூடாமணி வாயைத் திறந்தாள். 'நீதான்' என்று சொல்ல வந்தாள். அது நேற்றுச் சொன்னது போன்ற இன்னொரு ஆறுதலாகிவிடும் என்று பட்டது. மூடிக்கொண்டாள்.

ஹானி நகத்தால் போனின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஆன்ட்டி, ஆர்ட்டிகிள் முப்பத்திரண்டு இன்னா சொல்லுது?"

"எதோட முப்பத்திரண்டு?"

"அரசியல் சாசனத்தோட."

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாதா?"

"தெரியாது. ஓட்டு போடறதைப் பத்தியா?"

ஹானியின் நகம் நின்றது. "அந்தப் பேப்பர்ல பெரிய கேள்வியே அதான். நாலு பக்கம் சொன்னேன். நீங்கதான் எழுதினீங்க."

"எழுதினேன். எழுதினதெல்லாம் தலையில ஏறுமா? வாசல் வரைக்கும் வந்ததும் மறந்துடும்."

ஹானி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பக்சார் போர் எந்த வருஷம்?"

"தெரியாது."

"பிளாசி?"

"ஆயிரத்து எழுநூத்தி ஐம்பத்தேழு."

"ஆ. அது தெரியுது."

"எட்டாங்கிளாஸ்ல படிச்சது. அதை நீ சரியாத்தான் சொன்னே. மாத்தலை."

"நீதிக்கட்சி எப்ப ஆரம்பிச்சாங்க?"

"தெரியாது."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாலும் தெரியாதும்மா. உள்ள இருந்தாத்தானே வரும்?"

"ரவுலட் சட்டம்?"

"உப்புக்கு வரி போட்டதா?"

"தப்பு. மாண்டேகு செம்ஸ்ஃபோர்டு?"

சூடாமணி கொஞ்சம் யோசித்தாள். "அவா ரெண்டு பேரா, ஒருத்தரா?"

ஹானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஜமீலுன்னிசா டீ டம்ளர்களோடு வந்து, ஒன்றைச் சூடாமணியின் கையில் கொடுத்துவிட்டு, வாசற்காலில் சாய்ந்து நின்றாள். தனக்கும் ஏதோ கேட்கத் தோன்றியது அவளுக்கு.

"டீச்சரம்மா, தாஜ்மகால் யாரு கட்டுனது?"

"அம்மீ, அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். சும்மா இரு."

"ஒரு கேள்வி கேட்டா இன்னாடி?"

ஹானி விடவில்லை. மூன்று வருடப் பாடத்தையும் வரிசையாகக் கேட்டாள். பூனா ஒப்பந்தம், கேபினட் தூதுக்குழு, மெய்ஜி மீட்சி. சூடாமணி ஒவ்வொன்றாகத் தோற்றாள். முதலில் கூச்சமாக இருந்தது. முப்பது வருடமாகக் கேள்வி கேட்ட பக்கத்தில் நின்றவள், இப்போது எதிர்ப்பக்கத்தில் டீ டம்ளரோடு உட்கார்ந்து, முழி பிதுங்கினாள். ஆனால் அவள் 'தெரியாது' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஹானியின் முகத்தில் ஏதோ திரும்பி வந்தது. பிறகு சூடாமணிக்குக் கூச்சம் போய், தெரியாது என்று சொல்லும் ஆசை வந்தது. ஒன்று தெரிந்துவிட்டால் பயமாக இருந்தது. வியன்னா மாநாடு என்று கேட்டபோது பாதி நினைவுக்கு வருவது போலிருந்தது. வரவில்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி" என்றாள் ஹானி கடைசியில், "உங்களுக்கு ஒண்ணுமே தெரியல."

"அதைத்தான் சொல்லிண்டு இருக்கேன். எனக்குத் தெரிஞ்சாத்தானே மாத்த முடியும்?"

"வேலூர், பிளாசி, ஜாலியன்வாலாபாக். எட்டாங்கிளாஸ்."

"ஆமாம்."

"அப்ப ஆர்ட்டிகிள் முப்பத்திரண்டு என்னுது."

"உன்னுதுதான். நாலு பக்கமும்."

ஹானி தலையணையை எடுத்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு சாதாரணக் குரலில், "அம்மீ, சோறு இருக்கா?" என்றாள். ஜமீலுன்னிசா ஏற்கெனவே தட்டை எடுக்கப் போயிருந்தாள்.

சாப்பிட்டுக்கொண்டே ஹானி தீர்ப்பைச் சொன்னாள். "வேலூருக்கு ஒண்ணு, அமிர்தசரஸுக்கு ஒண்ணு. யாராவது மார்க் கேட்டா அந்த ரெண்டையும் கழிச்சுட்டுத்தான் சொல்லுவேன்."

"சரி."

"அதனாலவுக்கு மார்க் இல்ல. ஆனா அதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

"தெரியறது."

"வெள்ளிக்கிழமை நான் பூமி தட்டைன்னு சொன்னாலும் தட்டைன்னு எழுதுவீங்களா?"

சூடாமணிக்கு, பூமி தட்டை என்று தன் கையெழுத்தில் பார்ப்பது போல் ஒரு கணம் இருந்தது. உடம்பு கூசியது.

"எழுதுவேன்" என்றாள். "கஷ்டப்பட்டு எழுதுவேன்."

ஹானி இடது கையால் போனைத் தடவி எடுத்து ஜுவேரியாவை அழைத்தாள். வர வேண்டாம் என்று சொன்னதும் மறுமுனையில் அந்தப் பெண் கத்தியது அறைக்கே கேட்டது. "அப்பாடா! ஹானிக்கா, என் கையெழுத்து எனக்கே புரியாது. நேத்துலேர்ந்து பயந்து செத்துகினு இருந்தேன்."

வெள்ளிக்கிழமை, நந்தனம் கல்லூரியில், ஆள் வைத்து எழுதுபவர்களுக்கென்று ஒதுக்கிய சிறிய அறை. வாசற்பக்கம் கண்காணிப்பாளர் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். சூடாமணி கேள்விகளை வாசித்தாள். ஹானி ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். பிறகு உள்ளங்கைகளை மேசையில் பரப்பி வைத்துச் சொல்லத் தொடங்கினாள்.

சூடாமணி எழுதினாள். அதனால என்றால் அதனால். ஒரே பத்தியில் மூன்று அதனால வந்தது. மூன்றையும் எழுதினாள். மூன்றாவதை எழுதும்போது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஹானியின் மூச்சு உள்ளே போய் வருவதைக் கேட்டாள். அடுத்து வந்த வாக்கியம் நன்றாக இருந்தது. இத்தனை நாள் இது ஏன் காதில் விழவில்லை என்று நினைத்தாள்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. ஹானி அதை நன்றாகப் படித்திருந்தாள். ரொட்டி விலை, வரி, பாஸ்டில் சிறை. சொல்லும் வேகம் கூடிக்கொண்டே போயிற்று. அந்த வேகத்தில், "ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஜூலை பதினான்காம் நாள்" என்றாள்.

எண்பத்தொன்பது. அதுவும் எட்டாங்கிளாஸ்தான்.

சூடாமணியின் பேனா 'ஆயிரத்து எழுநூற்று' வரை வந்திருந்தது. நிறுத்த நினைத்தாள். நிறுத்தினால் ஹானிக்குத் தெரிந்துவிடும். மூன்று வருடமாக இந்தப் பேனாவின் சத்தத்தைக் கேட்டுப் பழகியவள் அவள். பேனா தயங்கினால் எங்கோ தப்பு என்று புரிந்துகொள்வாள். தயங்குவதும் சொல்லிக்கொடுப்பதுதான்.

அதே வேகத்தில் எழுதினாள். தொண்ணூற்றெட்டு.

தப்பு அங்கே கிடந்தது, நீல மையில், அவளுடைய அழகான கையெழுத்தில். வாழ்நாளில் தெரிந்தே ஒரு தப்பை அவள் இப்படி விட்டதில்லை. யாருடைய தப்பைப் பார்த்தாலும் தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதுபோல் பதறுகிறவள். இது தன்னுடையது இல்லை. ஹானியுடையது. ஹானி திருத்தினால் திருத்தட்டும், இல்லாவிட்டால் அப்படியே இருக்கட்டும். இந்த எண்ணம் இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஹானி அடுத்த வாக்கியத்துக்குப் போயிருந்தாள். சூடாமணி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

முடிவில் முழுவதையும் வாசித்துக் காட்டினாள். அந்த இடம் வந்தபோது குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. ஹானி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். களைத்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்து மரத்தடியில் தண்ணீர் குடித்தார்கள். கல்லூரி வாசலைத் தாண்டியதும் ஹானி நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி. பாஸ்டில் எந்த வருஷம்னு சொன்னேன்?"

"ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்தெட்டு."

"ஐயோ, எண்பத்தொன்பது!" தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கை தலையிலேயே நின்றது. "நீங்க இன்னா எழுதினீங்க?"

"தொண்ணூத்தெட்டு."

"உங்களுக்குத் தெரியுமா, அது தப்புன்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சே எழுதினீங்களா?"

"தெரிஞ்சே எழுதினேன். கை நடுங்கித்து."

"நடுங்கலையே. பேனா நிக்கவே இல்ல. நான் கேட்டுகினுதானே இருந்தேன்." ஹானி சிரிக்கத் தொடங்கினாள். சூடாமணியின் முழங்கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, நடைபாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "ஒரு மார்க் போச்சு ஆன்ட்டி! சுத்தமா போச்சு!"

"ஒண்ணுதான் போகும். மத்ததெல்லாம்…" சூடாமணி நிறுத்திக்கொண்டாள். "மத்தது எப்படின்னு எனக்குத் தெரியாது. எட்டாங்கிளாஸ்ல இல்லை."

ஹானி அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மீ, ஒரு வருஷத்தைத் தப்பா சொல்லிட்டேன். பேப்பர்லயும் தப்பாவே கீது!"

"அதுக்கு எதுக்குடி சிரிக்கிற?" ஜமீலுன்னிசாவின் குரல் போனுக்கு வெளியே வந்து விழுந்தது. "டீச்சரம்மா பக்கத்துல இல்லியா? ரெண்டு பேருக்கும் இன்னா ஆச்சு?"

"நானே பண்ணது அம்மீ. நானே."

போனைப் பைக்குள் போட்டாள். முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். சூடாமணியும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

"எம்.ஏ.வுக்கும் நீங்கதான். இப்பவே சொல்லிட்டேன்."

"சரி."

"சங்கரன் அங்கிள் ஒத்துக்குவாரா?"

"நான் ஆத்துலயே இருந்தா அவருக்குத்தான் கஷ்டம்."

அண்ணா சாலையின் ஓரத்துக்கு வந்தார்கள். பஸ்களும் வண்டிகளும் இடைவெளியில்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஹானி வழக்கம்போல் சூடாமணியின் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தாள். சூடாமணி அசையவில்லை. ஹானி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ரோட்டுல மட்டும் நான் தப்பு பண்ணா திருத்திடுங்க ஆன்ட்டி" என்றாள்.

சிக்னல் விழுந்தது. இருவரும் சாலையைக் கடந்தார்கள்.